கூட்டு மருந்துச் சோதனை: செக்கர்போர்டு முறையும் டைம்-கில் முறையும்

இரண்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகள் சேரும்போது ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கின்றனவா என்பதை ஆய்வகத்தில் அறிய இவ்விரு முறைகளும் பரவலாகக் கையாளப்படுகின்றன.

செக்கர்போர்டு முறையில், 96 குழிகள் கொண்ட தட்டில் ஒரு மருந்தின் அடர்த்தியை நெடுக்கிலும் மற்றதன் அடர்த்தியைக் குறுக்கிலும் படிப்படியாகப் பாதியாக்கி, பாக்டீரியாவை இட்டு, ஓர் இரவு வளரவிட்ட பின் எந்தக் குழிகள் கலங்காமல் தெளிந்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். வளர்ச்சியைத் தடுக்க ஒவ்வொரு மருந்தும் கூட்டில் தேவைப்படும் குறைந்தபட்ச அளவைத் தனித்துத் தேவைப்படும் குறைந்தபட்ச அளவால் வகுத்து, இரு ஈவுகளையும் கூட்டினால் 0.5 அல்லது அதற்குக் குறைவாக வருவது கூட்டுவலிமை. 4-ஐத் தாண்டுவது முரண்பாடு, அதாவது ஒன்று மற்றதன் வலுவைக் குறைப்பது. செலவு குறைவு, பல அளவுகளை ஒரே தட்டில் சோதிக்கலாம். ஆயினும் தெளிந்த குழி வளர்ச்சி நின்றதைத்தான் காட்டுகிறது. கிருமி இறந்ததா என்பதைக் காட்டுவதில்லை.

டைம்-கில் முறையோ 24 மணி நேரத்தில் பலமுறை மாதிரி எடுத்து, உயிருள்ள பாக்டீரியாக்களை எண்ணுகிறது. தனி மருந்துகளில் வலியதைவிடக் கூட்டு 100 மடங்கோ அதற்கு மேலோ எண்ணிக்கையைக் குறைத்தால் அது கூட்டுவலிமை. முதலில் சரிந்து பின்னர் மீண்டும் பெருகும் கிருமியையும் இதில் காணலாம். ஆனால் உழைப்பு மிகுதி, சில அளவுகளையே சோதிக்க முடியும்.

என்டரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா இதய வால்வைத் தாக்கும்போது, வளர்ச்சியைத் தடுப்பது போதாது, கிருமியைக் கொன்றாக வேண்டும். அங்கே ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகிய இரு ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் சேர்ந்து செய்வதை அறிய டைம்-கில் முறையையே நான் நம்புவேன். பல சேர்க்கைகளிலிருந்து முதலில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கச் செக்கர்போர்டு போதும்.