பத்திரம் பதிவாகியிருக்கிறது, வீடு டிரஸ்டுக்குள் இல்லை

பழைய வண்ணாரப்பேட்டையில் கீழே இரண்டு கடை, மேலே குடியிருப்பு என்று ஒரு வீடு. பெரியவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், மனவளர்ச்சி குறைந்த ஒரு மகள். தன் காலத்துக்குப் பிறகும் கடை வாடகையிலிருந்து மகளின் சாப்பாடும் மருந்தும் நடக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. பாரிமுனைப் பக்கம் 'எஸ்டேட் பிளானிங் கன்சல்டன்ட்' என்று போர்டு மாட்டியிருந்த ஒருவர், 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு குடும்ப டிரஸ்ட் பத்திரத்தைப் பதிவு செய்து கையில் கொடுத்தார். "டிரஸ்டே இருக்கு, உயில் எதுக்குங்க ஐயா?" என்றும் சொல்லிவிட்டார். பெரியவர் இறந்த பிறகு மூத்த மகன் வில்லங்கம் (வீட்டின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தால், டிரஸ்ட் என்ற பேச்சே அதில் இல்லை.

தவறு பத்திரத்தின் கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தில்தான். அங்கே இரண்டே வரி: டிரஸ்டின் சொத்து ரொக்கம் ரூ.1,000, அசையாச் சொத்துகள் பின்னர் சேர்க்கப்படும். பின்னர் யாரும் சேர்க்கவில்லை. வீட்டின் சர்வே எண், நான்கு எல்லை, அளவு எதுவும் கிடையாது. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் 5-ஆம் பிரிவு கேட்பது எளிய விஷயம்: அசையாச் சொத்தை டிரஸ்டில் வைக்க, ஒன்று உயில் வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தில் சொத்து இன்னதென்று தெளிவாக இருக்க வேண்டும், அது டிரஸ்டிகள், அதாவது டிரஸ்டை நடத்துபவர்கள், பெயருக்கு மாறவும் வேண்டும். டிரஸ்ட் என்பது கம்பெனி மாதிரி தனி ஆள் அல்ல. டிரஸ்டிகள்தான் சட்டப்படி உரிமையாளர்கள்.

"ஆனால் சார் பதிவாளர் ஆபீஸில் பதிவு பண்ணினோமே?" பண்ணினார்கள். எந்தப் புத்தகத்தில் என்று பார்க்கவில்லை. அசையாச் சொத்தைத் தொடும் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். வெறும் ரொக்கத்தில் தொடங்கும் டிரஸ்ட் 4-ஆம் புத்தகத்துக்குப் போகும். வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டால் 4-ஆம் புத்தகம் வராது. பத்திரத்தில் ஆவண எண் இருக்கும் பதிவு முத்திரையிலேயே புத்தக எண்ணும் இருக்கும். பதிவான அன்றே, ஆபீஸ் வாசலிலேயே அதைப் பாருங்கள். ஒரு மாதம் கழித்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பார்வையிடக் காசு இல்லை. வீட்டின் வில்லங்கத்தில் டிரஸ்ட் பத்திரம் வரவில்லையென்றால் வீடு டிரஸ்டில் இல்லை, அவ்வளவுதான். நோட்டரி முத்திரை மட்டும் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டைப் பொறுத்தவரை அது செல்லாத காகிதம்.

கன்சல்டன்ட் ஏன் 1,000 ரூபாயில் தொடங்கினார்? வீட்டைச் சேர்த்தால் வழிகாட்டி மதிப்பின் (அரசு குறித்த சொத்து மதிப்பு) மேல் முத்திரைத் தீர்வை வரும். 'எல்லாம் சேர்த்து 85,000' என்ற பேக்கேஜ் அங்கேயே உடைந்துவிடும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்குப் பணம் வாங்காமல் எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்டுக்கு 1 சதவீத முத்திரைத் தீர்வை, அதற்கு உச்சவரம்பு என்ற சலுகை உண்டு. அது 'குடும்ப உறுப்பினர்' என்ற சொல்லைப் பிடித்து நிற்கிற சலுகை. டிரஸ்டிகளில் வெளியாள் ஒருவர் இருந்தாலே கணக்கு மாறலாம். வரைவைச் சார் பதிவாளரிடம் முன்கூட்டியே காட்டி, மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்ட பிறகுதான் முத்திரைத் தாள் வாங்க வேண்டும்.

அதே பத்திரத்தில் இன்னும் இரண்டு கண்ணி. நடுப்பக்கத்தில், டிரஸ்ட் கலைக்கப்பட்டால் சொத்து 'இதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்கு' போகும் என்று ஒரு வரி. பொது அறக்கட்டளையின் மாதிரிப் பத்திரத்தை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். தமிழில் குடும்ப டிரஸ்ட், பொது டிரஸ்ட் இரண்டுக்கும் 'அறக்கட்டளை' என்றே எழுதுவதால் யாருக்கும் உறைப்பதில்லை. வீடு உள்ளே போயிருந்தால் அந்த ஒரு வரி குடும்பத்தை இன்னும் மோசமான இடத்தில் நிறுத்தியிருக்கும். இரண்டாவது, கன்சல்டன்டே நிர்வாக டிரஸ்டி, வாடகையில் 5 சதவீதம் சம்பளம், சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் தனி அதிகாரம். டிரஸ்டிக்குச் சட்டப்படி தானாகச் சம்பளம் கிடையாது; பத்திரத்தில் எழுதினால்தான் உண்டு. அதனால்தான் எழுதிக்கொள்கிறார்கள். விற்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு டிரஸ்டிகள் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று நீங்கள் எழுத வையுங்கள்.

கடன்காரன் தொட முடியாது, வரி மிச்சம் என்கிற பேச்சையும் நம்ப வேண்டாம். கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தில் மாற்றிய சொத்தை, சொத்து மாற்றச் சட்டம் 53-ஆம் பிரிவின்படி அவர் கேட்டு ரத்து செய்ய வைக்கலாம். வரியில், யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதாமல் 'டிரஸ்டி விருப்பப்படி' என்று விட்டால் வாடகைக்குப் பொதுவாக உச்ச விகித வரி விழும். எழுதிக்கொடுத்தவரே எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால், வருமானம் அவர் கணக்கிலேயே வரும்.

திரும்ப எடுக்கும் உரிமையைப் பற்றி யோசித்தே எழுதுங்கள். இந்திய டிரஸ்ட் சட்டம் 78-ஆம் பிரிவின்படி, அந்த உரிமையைப் பத்திரத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், பயனாளிகள் எல்லோரும் சம்மதித்தால்தான் டிரஸ்டைக் கலைக்கலாம். எல்லோரும் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். மனவளர்ச்சி குறைந்த மகள் பயனாளி என்றால் அந்தச் சம்மதம் வரவே வராது. அவளுக்கு அது பாதுகாப்பு. ஆனால் பத்திரத்தில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் அவளோடு மாட்டிக்கொள்ளும்.

இப்படி ஒரு பிள்ளைக்காக எழுதும்போது 'பராமரிக்க வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக விடக் கூடாது. வாடகையில் முதலில் சொத்து வரி, குடிநீர் வரி, ரிப்பேர்; அடுத்து அவளுடைய மாதச் செலவும் மருந்தும்; மீதி எந்த வங்கிக் கணக்கில். ஒரு டிரஸ்டி இறந்தால் அடுத்தவர் யார், அவருக்கும் அடுத்தவர் யார். கணக்கை வருடம் ஒருமுறை யாரிடம் காட்ட வேண்டும். அவளுக்குப் பிறகு வீடு யாருக்கு. இவ்வளவும் எழுத்தில் வர வேண்டும். 1999-ஆம் ஆண்டின் தேசிய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனத்துக்கும் தனியாக மனு போட வேண்டும். டிரஸ்ட் சொத்தைப் பார்த்துக்கொள்ளும்; கையெழுத்துப் போட ஆள் வேண்டும் அல்லவா?

ஒரே வீடு, தன் காலில் நிற்கும் பிள்ளைகள் என்றால் டிரஸ்டே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. சரியான உயிலோ, ஆயுள் அனுபவ உரிமையை வைத்துக்கொண்ட செட்டில்மென்டோ போதும். வடசென்னையில் இன்னொன்றும் உண்டு. கோயில் மனையில் கட்டிய வீடு என்றால் கட்டடம் மட்டும்தான் உங்களுடையது; மனையை டிரஸ்டில் எழுத முடியாது. அரசுக் குடியிருப்பு வாரியம் ஒதுக்கிய வீட்டுக்கு விற்பனைப் பத்திரம் வாங்காதவர்களுக்கும் அதே கதிதான். பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கை அப்பா தொட முடியாது.

இந்தக் குடும்பத்துக்கு இப்போது என்ன வழி? உயில் இல்லாததால் வீடு மனைவி, மூன்று பிள்ளைகள் என நால்வருக்கும் கால் பங்காக இறங்கிவிட்டது. அம்மாவும் இரண்டு மகன்களும் மனம் ஒத்தால், மகளின் கால் பங்கை அப்படியே விட்டுவிட்டு, தங்கள் பங்குகளை முறையான டிரஸ்டில் எழுதலாம். ஒரு மகன் மறுத்தாலும் பாகப்பிரிவினை வழக்குதான்.

கொடுத்த காசைக் கேட்க வழி உண்டு. வழக்கறிஞர் சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனால் இவர் வழக்கறிஞர் இல்லை. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்று கையெழுத்திட்டிருப்பவர் வேறொரு ஆவண எழுத்தர். கன்சல்டன்ட் பெயர் அங்கே இல்லவே இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. கால வரம்பு இரண்டு வருடம். பெயரும் போடாமல், பில்லும் தராமல் 85,000 வாங்கியிருப்பதால், யு.பி.ஐ. பதிவுகளையும் 'வீடு டிரஸ்ட்ல வந்துடுச்சு சார்' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும், பெரியவரின் போனை யாராவது ரீசெட் செய்வதற்கு முன் எடுத்து வைக்க வேண்டும்.