முண்டா உள்ள பெண்களுக்கு ரெடிமேடா, டெய்லரா? தஞ்சை, குடந்தை, திருச்சி நிலவரம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எடை தூக்குகிறவர்கள், கபடி ஆடுகிறவர்கள், சிலம்பம் சுற்றுகிறவர்கள், ஜிம் வாசலையே மிதிக்காமல் மூட்டை தூக்கியே கை இறுகியவர்கள், இவர்கள் யாரும் தஞ்சாவூர் காந்திஜி சாலையிலோ கும்பகோணம் பெரிய தெருவிலோ திருச்சி என்.எஸ்.பி. சாலையிலோ ரெடிமேட் ப்ளவுஸ் தேடி அலைய வேண்டாம். கால்தான் வலிக்கும். குர்த்தியில் பாதி தேறும், டி-ஷர்ட்டில் முக்கால்வாசி தேறும். ப்ளவுஸுக்கு டெய்லர்தான் கதி. அதிலும் காது கொடுத்துக் கேட்கிற டெய்லர்.

ரெடிமேட் ஏன் கைவிடுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு சைஸ் ஏறினால் மார்பில் 2 இஞ்ச் கூடும். கையில் அரை இஞ்ச் கூடினாலே அதிகம், ஷோல்டரில் அதைவிடக் குறைவு. 36 சைஸ் ப்ளவுஸில் கைச் சுற்று 12 இஞ்சை ஒட்டி இருக்கும், கடைக்குக் கடை அரை இஞ்ச் முன்னே பின்னே. மார்பு 36, முண்டாவை முறுக்கினால் 14 என்று இருக்கிற ஒருவருக்கு ப்ளவுஸின் கை 15 இஞ்சாவது வேண்டும். அந்த 3 இஞ்சை சைஸ் ஏற்றியே பிடிப்பதானால் ஆறு சைஸ் ஏற வேண்டும். அப்போது மார்பில் 12 இஞ்ச் தொளதொளக்கும், கழுத்து தோளை விட்டு இறங்கும். “ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கங்கக்கா, பிடிச்சுக்கலாம்” என்று விற்பனைப் பெண் சொல்வது வயிறு போட்டவர்களுக்குச் சரி. இவர்களுக்கு அது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

“உள்ளே மார்ஜின் இருக்கு, பிரிச்சுக்கலாம்” என்பது அடுத்த சமாதானம். ரெடிமேட் ப்ளவுஸின் பக்கவாட்டில் மார்ஜின் இருப்பது உண்மைதான். கையின் அடித்தையலில் இருக்கிறதா என்று அங்கேயே உள்ளே திருப்பிப் பாருங்கள். பக்கத்துக்கு அரை இஞ்ச் இருந்தால் பிரித்து 1 இஞ்ச் எடுக்கலாம். ஆனால் கை உடலோடு சேர்கிற வளையமான ஆம்ஹோலைச் சுற்றி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருப்பார்கள், அங்கே பிரிக்க ஒன்றும் இருக்காது. கையை மட்டும் பிரித்து உடலை விட்டுவிட்டால் இரண்டும் பொருந்தாமல் அக்குளில் சுருக்கம் விழும். பக்கத் தையலின் மேல் 2 இஞ்சையும் கூடவே பிரித்தால்தான் கை உட்காரும்.

இழுபடும் துணியில் வருகிற ஸ்ட்ரெச் ப்ளவுஸ்களுக்குப் பத்துக்கு ஆறு கொடுக்கலாம். கை ஏறும், தூக்கினால் கூடவே வரும், அவசரத்துக்கு உதவும். இரண்டு குறை. கை விளிம்பில் பட்டையாக மடித்து அடித்திருந்தால் அந்த இடம் மட்டும் இழுபடாது. முண்டாவின் பருத்த இடத்தில் ரப்பர் பேண்டு போட்ட மாதிரி கவ்வி, கழற்றும்போது சிவந்த வளையம் விட்டுப் போகும். வாங்கும்போது விளிம்பை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். துணி இழுபட்டு நூல் இழுபடாமல் ‘டக்’ என்றால் வைத்துவிடுங்கள். இன்னொன்று, சித்திரை வெயிலில் டெல்டாவின் புழுக்கத்தோடு செயற்கை இழைத் துணி சேர்ந்தால் அக்குளில் வேர்க்குரு நிச்சயம்.

இனி டெய்லர். தெருவுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், கைத்திறனுக்கும் குறைவில்லை. சிக்கல் அளவெடுப்பதில் ஆரம்பிக்கிறது. “அளவு ப்ளவுஸ் கொண்டாந்தீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. பழைய ப்ளவுஸே பிடிக்கிறது என்றால், அதை அளவாகக் கொடுத்தால் புதிதும் அதே இடத்தில் பிடிக்கும். உடம்பில் நேராக டேப் வைக்கச் சொல்லுங்கள். வழக்கமான அளவுகளோடு இன்னும் நான்கு வேண்டும்.

முதலாவது மேல்கைச் சுற்று. கையைத் தொங்கவிட்டும், முழங்கையை மடக்கி முறுக்கியும் இரண்டு முறை எடுக்க வேண்டும். முறுக்கிய அளவோடு 1 இஞ்ச் சேர்த்தால் ப்ளவுஸ், 2 இஞ்ச் சேர்த்தால் குர்த்தி. இரண்டாவது முதுகு அகலம், அக்குள் மடிப்பிலிருந்து மடிப்பு வரை. நேராக நின்று ஒரு தடவை, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு ஒரு தடவை. இரண்டுக்கும் 1 முதல் 2 இஞ்ச் வித்தியாசம் வரும், அதில் பாதியையாவது முதுகுத் துண்டில் சேர்க்க வேண்டும். மூன்றாவது தோளைச் சுற்றி அக்குள் வழியாக எடுக்கிற ஆம்ஹோல் சுற்று. நான்காவதை டெல்டாவில் அநேகமாக யாரும் எடுப்பதில்லை. அது தோளின் சரிவு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தசை திரண்டவர்களுக்குத் தோள் கூரை போலச் சரியும். துணி வெட்டப் போடுகிற சாதாரண வரைவை அப்படியே போட்டால் கழுத்தோரம் இறுகி, தோள் நுனியில் துணி காற்றாடும். ஷோல்டர் தையலைத் தோள் நுனிப் பக்கம் கால் முதல் அரை இஞ்ச் கூடுதலாகச் சரித்தால் தீர்ந்தது. சரித்த அளவுக்கு ஆம்ஹோலின் அடியையும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுற்று குறைந்து போகும்.

இப்போது பெரிய தப்புக்கு வருவோம். “கம்கட்டு பிடிக்குது” என்று சொன்ன உடனே டெய்லர் கத்திரியை எடுத்து ஆம்ஹோலின் அடியைத் தோண்டுவார். நிற்கும்போது சுகமாக இருக்கும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்ததும் ப்ளவுஸ் முழுக்க மேலே ஏறி, அடிப்பட்டி மார்பில் வந்து நிற்கும். ஆம்ஹோல் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு தூரம் கை உடம்புத் துணியை இழுத்துக்கொண்டுதான் உயரும். ஆம்ஹோல் அக்குளை ஒட்டி மேலேயே இருக்கட்டும், இடம் கைத்துண்டில் வர வேண்டும்.

அதற்கு வழி, கைத்துண்டு தோளில் பொருந்துகிற மேல்வளைவைத் தட்டையாக்குவது. ப்ளவுஸுக்கு அந்த வளைவின் உயரம் பொதுவாக 3 அல்லது மூன்றரை இஞ்ச் போடுவார்கள். ஆம்ஹோல் 16 இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரையை இரண்டரையாக இறக்கினால், ஆம்ஹோலைத் தொடாமலே கையின் அகலம் ஏறக்குறைய முக்கால் இஞ்ச் கூடும். கையும் தாராளமாக உயரும். கையைத் தொங்கவிட்டால் அக்குள் அருகே சாய்வாக இரண்டு மடிப்பு விழும். “ஃபிட்டிங் சரியில்லையே” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், சொல்லிவிட்டுப் போகட்டும். மடிப்பே கூடாது என்பவர்கள் கை உயராத ப்ளவுஸோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

தோள் உருண்டையாக இருப்பவர்களுக்கு வளைவின் உச்சியில் கொஞ்சம் சுருக்கு வைத்தால் தோள் தசைக்கு இடம் கிடைக்கும். முழு பஃப் வேண்டாம், அது ஏற்கெனவே அகன்ற தோளை இன்னும் அகலமாகக் காட்டும். 1 இஞ்ச் துணியை ஐந்தாறு சிறு சுருக்கில் அடக்கினால் போதும். ஷோல்டர் தையலும் தோள் நுனியிலிருந்து கால் இஞ்ச் உள்ளே நிற்கட்டும்.

கையின் நீளத்தையும் யோசிக்க வேண்டும். முண்டாவின் பருத்த இடத்தில் முடிகிற 5, 6 இஞ்ச் கைதான் எல்லாவற்றிலும் மோசம். 3 இஞ்சில் நிறுத்துங்கள், அல்லது 10 இஞ்சுக்கு மேல் முழங்கைக்கு இறக்குங்கள். முழங்கை வரை போனால் கையை மடக்கி அங்கேயும் சுற்று எடுக்க வேண்டும்.

பட்டு ப்ளவுஸுக்குத் தனிக் கணக்கு. திருபுவனம் பட்டுப் புடவையோடு வருகிற ப்ளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான், அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச். கை 12 இஞ்ச் என்றால் தையலுக்கு 2 சேர்த்து 14, இரண்டு கைக்கு 28. ஒரே பார்டரில் இரண்டு கையும் அடங்கும். கை 15 இஞ்ச் என்றால் தையலோடு 17, இரண்டுக்கு 34. அடங்காது. புடவையின் இரண்டு பக்கமும் ஒரே பார்டர் என்றால் கைக்கு ஒரு பக்கமாக வெட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் பெரிய பார்டர், மறுபக்கம் சின்னது என்றால் கடையிலேயே டேப்பை விரித்து அளந்துவிட்டு வாங்குங்கள். வாங்கி வந்த பிறகு தெரிந்தால் கையின் அடிப்பக்கம் ஒட்டுத் துண்டு போட வேண்டியதுதான். நல்ல டெய்லர் அதை அக்குளுக்குக் கீழே ஒளித்துவிடுவார். கைக்கு ஒன்றரை இஞ்ச் ஒட்டு யார் கண்ணிலும் படாது.

பட்டு கிழிவது எப்போதும் ஆம்ஹோலின் பின்பக்கம். கையை முன்னால் நீட்டும்போது முதுகு விரிகிற இழுப்பெல்லாம் அந்தத் தையலில் விழுகிறது. நூல் அறுவதற்கு முன்பே பட்டு இழைகள் தையலை விட்டு நகர்ந்துவிடும். லைனிங்கைப் பட்டைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வெட்டினால் இழுப்பு லைனிங்கில் நின்றுவிடும், பட்டு தப்பிக்கும். அந்த லைனிங் காட்டன் துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்திருக்க வேண்டும். ஊறவைக்காத லைனிங் முதல் நனைப்பிலேயே சுருங்கி, சரியாக இருந்த கையைப் பிடிக்க வைத்துவிடும். கிழிந்தால் பழி டெய்லர் மேல் விழும், காரணம் தண்ணீர்.

ஆரி எம்பிராய்டரி வேலைக்குக் கொடுக்கிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். துணியைச் சட்டத்தில் கட்டி, அளவு வரைந்து, வேலை முடித்த பிறகுதான் வெட்டித் தைக்கிறார்கள். கை அளவு தப்பினால் பாசியும் ஜரிகையும் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும், பிரிக்க வழியில்லை. முதலில் அதே வரைவில் 2x2 என்கிற சாதாரண ப்ளவுஸ் துணியில் ஒரு ப்ளவுஸ் தைத்துப் போட்டுப் பாருங்கள். சரியாக அமைந்தால் அந்த வரைவைக் காகிதத்தில் எடுத்து ஆரி போடுகிறவரிடம் கொடுங்கள். கையின் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை இஞ்ச் வெறும் துணியாக விடச் சொல்லுங்கள்.

ட்ரையல் பார்க்காமல் வாங்கி வராதீர்கள். கண்ணாடி முன் சிலை மாதிரி நின்று பார்ப்பது ட்ரையல் ஆகாது. கொண்டை போடுங்கள், பரணில் இருப்பதை எடுக்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்குங்கள், கைகளை இறுகக் கட்டுங்கள். தூக்கும்போது அடிப்பட்டி 1 இஞ்சுக்கு மேல் ஏறினால் ஆம்ஹோல் கீழே இருக்கிறது. கையைச் சுற்றி வளையம் வளையமாக மடிப்பு விழுந்தால் கை போதவில்லை. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக மடிப்பு ஓடினால் தோள் சரிவு தப்பு. கையைக் கட்டும்போது மட்டும் முன் ஹூக் வாய் பிளந்தால் பலரும் மார்பைப் பெரிதாக்குவார்கள். குறை முதுகில் இருக்கிறது. அங்கே சேர்க்காமல் மார்பில் சேர்த்தால் முன்பக்கம் தொங்கும், பிளப்பும் போகாது.

தைத்து முடிந்த ப்ளவுஸைக் காப்பாற்ற அக்குள் துண்டு போடலாம். 3 இஞ்ச் சதுரம், கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டியது. தையல் போக 2 இஞ்ச் சதுரம் நிற்கும், மூலைக்கு மூலை இரண்டே முக்கால் இஞ்ச் இடம் தரும். அக்குளில் மட்டும் பிடித்தால் இது போதும். கை விளிம்பு வரை பிடித்தால் அக்குளிலிருந்து விளிம்பு வரை நீளப் பட்டைதான் கொடுக்க வேண்டும்.

குர்த்திக்குக் கடை ஏறலாம். கையில்லாமல் தைத்து, கைத்துணியைத் தனியாக உள்ளே குத்தி வைத்து வருகிற ரகங்களில் அந்தத் துணி ஒடுக்கமாகவே இருக்கும். அதை நம்பாமல் பேண்ட் துணியிலோ வேறு நிறத்திலோ கை போட்டுக்கொள்ளலாம். ஷோல்டரும் முதுகும் சரியாக அமைகிற சைஸை எடுத்து இடுப்பைப் பிடிப்பது சுலபம், தோளைச் சரிசெய்வது குர்த்தியையே பிரித்துத் தைக்கிற வேலை. இதைவிட நல்லது தைக்காத சுடிதார் துணி. மாயவரம் பட்டமங்கலத் தெருவில் வாங்கினாலும் திருச்சி சின்னக்கடை வீதியில் வாங்கினாலும், டாப்புக்கு இரண்டரை மீட்டர் இருந்தால் கைக்குத் தட்டுப்பாடு வராது. டி-ஷர்ட்டில் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தையல் ஓடுகிற ராக்லான் கை எடுங்கள். ஷோல்டர் தையலே இல்லாததால் தோள் எவ்வளவு திரண்டாலும் பிரச்சினை இல்லை. பெண்கள் பிரிவில் தோள் நுனியை மட்டும் மூடுகிற குட்டிக் கையோடு ‘கேப் ஸ்லீவ்’ என்று தொங்குபவற்றைத் தொடவே வேண்டாம்.

ஆண்கள் பிரிவுச் சட்டை? தோளும் கையும் கச்சிதம், இடுப்புக்குக் கீழே வந்ததும் பட்டன் பிளக்கும். பக்கவாட்டில் அடியிலிருந்து 5 இஞ்ச் பிளவு கொடுத்தால் சரியாகிவிடும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் புடவை மேல் வீட்டு ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குவது வெயிலுக்கும் சேற்றுக்கும் மட்டுமில்லை, கை தாராளமாக வரும் என்பதாலும்தான்.

இத்தனையும் ஐப்பசியில் நடக்காது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் எந்த டெய்லரும் ட்ரையலுக்கு நேரம் தரமாட்டார். தை, மாசி முகூர்த்தங்களிலும் அதே கதைதான். ஆடித் தள்ளுபடியில் துணியை எடுத்து, புரட்டாசி பிறப்பதற்குள் மாதிரி ப்ளவுஸைத் தைத்துச் சரிபார்த்துவிட்டால், பண்டிகைக்கு அந்த வரைவைக் கொடுத்து வெட்டச் சொல்வது மட்டும்தான் பாக்கி. வரைவுக் காகிதத்தை டெய்லரிடம் விட்டு வராதீர்கள், வேலை முடிந்ததும் வாங்கி வந்துவிடுங்கள்.