புது ஏசிக்கு வயர்: சுவரை வெட்டுவதா, கேசிங்கா, பைப்பா?

குடியிருக்கும் வீட்டில் புதிதாக ஏசி மாட்டப் போகிறீர்கள். வீட்டு மின்சாரம் பிரியும் டிபி பாக்ஸில் அதற்கென்று தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), அங்கிருந்து ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று வயர். ஒன்றரை டன்னுக்கு 4 சதுர மி.மீ. போட்டால் நிம்மதி. இதுவரை யாரும் சண்டை போடுவதில்லை. அந்த மூன்றையும் ஹாலைத் தாண்டிப் படுக்கையறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் எலக்ட்ரீஷியனோடு பேச்சு நீளும்.

வீட்டுக்காரர் முதலில் கேட்பது கன்சீல்டு, அதாவது சுவரை வெட்டி வயரை உள்ளே புதைப்பது. புது வீடென்றால் நானும் அதையேதான் சொல்வேன். குடியிருக்கும் வீட்டில் தூசி, பூச்சு, பெயிண்ட் என்று வேலை இழுக்கும். பட்டி பார்த்து அடித்தாலும் வெட்டிய இடம் கோடாகத் தெரியும். அதைவிடப் பெரிய சங்கதி, அறைகளைப் பிரிக்கும் சுவர் பல வீடுகளில் நாலரை இஞ்ச்தான். அதில் படுக்கைவாட்டில் நீளமாகக் காடி (பள்ளம்) வெட்டினால் சுவரின் பலம் குறையும். மேலிருந்து கீழே நேராக வெட்டினால் பரவாயில்லை. வயர் மிச்சம் என்று சாய்வாக வெட்ட விடாதீர்கள். பிறகு படம் மாட்டத் துளை போடுகிறவருக்கு வயர் எங்கே ஓடுகிறதென்று ஊகிக்கவே வழியிருக்காது.

உள்ளறைக்கு என் ஓட்டு கேசிங் கேப்பிங்குக்குத்தான், அதாவது சுவருக்கு மேலே ஓடும் மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டி. அடிப்பட்டியைப் பிளக் வைத்துத் திருகி, வயரைப் படுக்கவைத்து, மூடியை அழுத்தினால் டக்கென்று உட்காரும். நாளைக்கு வயரை மாற்ற வேண்டுமென்றாலும் மூடியைக் கழற்றினால் போதும். வேலைக்காரரின் கை தெரிவது மூலையில். 45 டிகிரியில் அறுத்துச் சேர்த்திருந்தால் இடைவெளியே இருக்காது. அவசரக்காரர் செய்ததில் சிவப்பு வயர் எட்டிப் பார்க்கும். திருகுக்குப் பதில் இருபக்க டேப் போதும் என்பார்கள், சம்மதிக்க வேண்டாம். வெயிலில் பசை விடும். முக்கால் இஞ்ச் பட்டியில் ஐந்தாறு வயரைத் திணிப்பதும் தப்பு. மூடி பிதுங்கும், சூடும் வெளியேறாது.

மொட்டை மாடி, பால்கனி, சமையலறை என்றால் பிவிசி பைப்தான். அடி தாங்கும், எலியும் சுலபத்தில் வயரை எட்டாது. அழகில்லை, சரி. பைப்பைச் சுவரோடு பிடிக்க இரண்டடிக்கு ஒரு சேடில், திருப்பத்தில் சட்டென்று மடங்கும் எல்போவுக்குப் பதில் வளைவான பெண்ட். இவை இருந்தால் வயர் தோல் உரியாமல் இழுபடும்.

ஆணிக் கிளிப் எல்லாவற்றிலும் மலிவு. நெட் கேபிளுக்கும் டிவி கேபிளுக்கும் தாராளமாக அடிக்கலாம். மேலுறை இல்லாத ஒற்றை வயரை அதில் பிடித்து ஏசிக்கு ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது.

கேசிங்கோ பைப்போ, பிளாஸ்டிக்குக்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. 2010-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஷெர்லி டவர்ஸ் அடுக்குமாடி தீப்பிடித்தபோது, பிளாஸ்டிக் பட்டி உருகிக் கேபிள்கள் தொங்கி, உள்ளே போன தீயணைப்பு வீரர்களைச் சிக்கவைத்தன. இருவர் இறந்தார்கள். தீயில் கேபிள் சீக்கிரம் சரியாதபடி தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது இப்போது அங்கே வயரிங் விதி. நம் வீட்டில் இதற்குப் பெரிய செலவில்லை. வாசல் நிலைக்கு மேலே போகும் இடத்தில் மட்டுமாவது பிவிசி சேடிலுக்குப் பதில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேடில் வாங்கிக் கொடுங்கள்.

வெளிச்சுவர் வழியாகப் பைப் உள்ளே வருகிறதென்றால், துளையை வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாகப் போடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் பைப்போடு வந்து சுவிட்ச் பாக்ஸில் இறங்காது.