புரோமிதியஸ் கோ லைப்ரரி: ஓட்டை அடைத்த பிறகும் பாவிக்கிறேன்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகள் சிலவற்றின் அறைப் பதிவும், திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகளின் பதிவும் நாங்கள் கோ மொழியில் எழுதிய ஒரு செயலியில்தான் ஓடுகின்றன. அதைக் கண்காணிக்க ஆரம்பத்திலிருந்தே புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் கோ கிளையன்ட் லைப்ரரிதான்: செயலிக்குள் இருந்தபடி நடப்பவற்றை எண்ணி, மெட்ரிக் என்ற அளவீடுகளாகப் புரோமிதியஸ் சேர்வருக்குக் காட்டும். கச்சான் காலம் தொடங்கி ஆட்கள் வரத் தொடங்கினால் சைட் கொஞ்சம் நின்றாலே விடுதிக்காரரிடமிருந்து போன் வந்துவிடும்: "தம்பி, சைட் நிண்டுட்டுதோ?" அவர் கேட்க முன்னம் எனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான் தேவை. அதை இந்த லைப்ரரி ஒழுங்காகச் செய்கிறது. பொருத்துவது சுகம், நினைவகமும் அதிகம் தின்னாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் எழுத வந்தது 2022 பெப்ரவரியில் வந்த 1.11.1 பதிப்பைப் பற்றி.

அந்தப் பதிப்பு அடைத்த பாதுகாப்பு ஓட்டைக்கு, இப்படியான ஓட்டைகளுக்கு இடும் சிவிஇ வரிசையில், சிவிஇ-2022-21698 என்று இலக்கம். வேலியே பயிரை மேய்ந்த கதை அது. இணையக் கோரிக்கை ஒவ்வொன்றும் கெட், போஸ்ட் மாதிரி மெதட் என்ற ஒரு சொல்லோடு வரும். கோவின் எச்டிடிபி சேர்வர் இவை மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிக்காது. எழுத்துகள் விதிப்படி இருந்தால் எந்தச் சொல்லையும் மெதட் என்று ஏற்றுக்கொள்ளும். லைப்ரரியின் மிடில்வெயர், அதாவது கோரிக்கைகளை வழியில் நின்று எண்ணும் பகுதி, அந்தச் சொல்லைச் சிறிய எழுத்தாக்கி, அப்படியே மெட்ரிக்கை வகைபிரிக்கும் மெதட் லேபிளில் போட்டுவிடும். புதுச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புது டைம் சீரிஸ், அதாவது தனியான ஓர் எண் தொடர். ஒருமுறை உருவானால் செயலியை மறுபடி தொடக்கும்வரை அது நினைவகத்திலேயே கிடக்கும். வெறும் எண்ணிக்கையான கவுண்டர் என்றால் ஒரு வரியோடு போகும். அளவுகளைப் பக்கெட் பக்கெட்டாகப் பிரித்து எண்ணும் ஹிஸ்டோகிராம் என்றால் இயல்பான 11 பக்கெட், முடிவிலிக்கு ஒன்று, கூட்டுத்தொகை, எண்ணிக்கை என்று 14 வரி. இப்படிப் பெயர்களைக் குவித்து நினைவகத்தை நிரப்ப லொகின்கூடத் தேவையில்லை. நாங்கள் 405 (இந்த மெதட்டுக்கு அனுமதியில்லை) என்று விரட்டினாலும், கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் முழு ரவுட்டரையும் சுற்றி மிடில்வெயர் நின்றால் விரட்டியதையும் அது எண்ணிக்கொள்ளும்.

செய்தியை வாசித்தபோது என் முதல் எண்ணம், செயலிக்கு முன்னால்தான் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் நிற்கிறதே, அது தடுத்துவிடும் என்பது. பழைய பதிப்பை மடிகணினியில் வைத்துச் சோதித்தேன். 2022 மார்ச், இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு போன காலம். நான் இருந்த அலஸ்தோட்டத்தில் கரன்ட் இருந்த இடைவெளியில்தான் எல்லாம். சேர்வர் வெளிநாட்டு டேட்டா சென்டரில் சுகமாக இருந்தது, தவித்தது நானும் என் வீட்டு இணைய ரவுட்டரும். சின்ன ஷெல் லூப் ஒன்றில் வாய்க்கு வந்த எழுத்துகளை மெதட்டாக அனுப்பினேன். சிறிய எழுத்தில் போனவற்றை என்ஜின்எக்ஸ் 400 (தவறான கோரிக்கை) என்று திருப்பியது. அதே குப்பையைப் பெரிய எழுத்தில் அனுப்பினால் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது! மெட்ரிக்ஸ் பக்கத்தைத் திறந்தால் அர்த்தமில்லாத பெயர்கள் ஒவ்வொன்றும் தன் 14 வரியோடு வரிசையாக நின்றன. செயலியின் நினைவகம் ஏறியது, லூப்பை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை.

திருத்தம் எங்கள் பக்கம் ஒரு வரிதான்: பாவிக்கும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் கோ மொட் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றி மறுபடி பில்ட் செய்வது. இப்போது தெரியாத மெதட் எதுவானாலும் 'அன்நோன்' என்ற ஒரே லேபிளுக்குள் விழும். நான் விரும்பும் வகைத் திருத்தம் இது: கோரிக்கையைத் தடுக்கவில்லை, எண்ணுவதையும் விடவில்லை. வெப்டாவ் (இணையம் வழியே கோப்புகளைக் கையாளும் முறை) மாதிரி வேறு மெதட் பாவிப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல், அவர்களுடைய ப்ரொப்ஃபைண்ட் என்ற மெதட்டும் அதே குப்பைக்கூடைக்குள் போய்விடும். வித்எக்ஸ்ட்ராமெதட்ஸ் என்ற ஆப்ஷனில் வேண்டிய பெயர்களைக் கொடுத்தால் சரி.

பதிப்பை மாற்றியதோடு விட்டுவிட மனம் வரவில்லை. நாங்களே எழுதிய மெட்ரிக்குகளில் வெளியாள் கை வைக்கக்கூடிய லேபிள் எது என்று தேடினேன். யூஆர்எல் பாதையை லேபிளாகப் போட்ட இடங்களில் ரவுட்டின் வார்ப்புருவை (மாறும் பகுதிக்குப் பொதுப்பெயர் வைத்த பாதையை) மட்டும் போட்டோம். புரோமிதியஸ் சேர்வரில், ஒரு தடவையில் இத்தனை வரிக்குமேல் ஏற்காதே என்று சாம்பிள் லிமிட் வைத்தோம். அது தாண்டினால் அந்த ஸ்க்ரேப் (சேர்வர் மெட்ரிக்குகளை வாசித்தெடுக்கும் அந்தத் தடவை) முழுவதும் தோற்றதாகிவிடும், வரைபடத்தில் இடைவெளி விழும். அதனால் புரோமிதியஸ் சேர்வர் தப்பும், செயலியின் நினைவகம் தப்பாது என்பதையும் மனதில் வைக்கவேண்டும்.

2023 ஒக்டோபரில் ஓபன்டெலிமெட்ரி என்ற இன்னொரு கண்காணிப்புத் திட்டத்தின் கோ லைப்ரரியிலும் இதே சாதி ஓட்டை, சிவிஇ-2023-45142. அங்கே மெதட்டோடு, எந்த பிரவுசர் என்று சொல்லும் யூசர் ஏஜென்டும் லேபிளாகிக்கொண்டிருந்தது. அதில் யாரும் எதையும் எழுதலாமே! 0.44.0 பதிப்பில் சரிசெய்தார்கள்.

புரோமிதியஸை மாற்றும் எண்ணம் இல்லை. ஒரு குறை மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஓபன்டெலிமெட்ரி வரையறையில் ஒரு மெட்ரிக்குக்கு இயல்பாக 2000 லேபிள் சேர்க்கைகள் என்று உச்சவரம்பு உண்டு, மிஞ்சுவதெல்லாம் ஒரே தொகுதியில் சேரும். அப்படி ஒரு கடிவாளம் இந்த கிளையன்ட் லைப்ரரியிலும் கேட்காமலே பூட்டப்பட்டு வந்தால், லேபிள்களைத் துருவிக்கொண்டு நான் இருக்கத் தேவையில்லை.