நுவரெலியா பேல் பஜார்: ஆறு வருடமாக ஜாக்கெட் வாங்குகிறவளின் கணக்கு

நாங்கள் இலங்கைக்கு வந்து இறங்கியபோது பெட்டியில் இருந்தது மொத்தம் இரண்டே ஸ்வெட்டர். இரண்டும் பாளையங்கோட்டையில் வாங்கியவை, சபைச் சுற்றுலாவில் ஊட்டிக்குப் போனபோது போட்டவை. மலை என்றால் மூன்று நாள் குளிரும், அப்புறம் கீழே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் எங்கள் உடம்பு பழகியிருந்தது. இங்கே வீடே மலையில்தான் என்பது 2018 டிசம்பரில், வந்த இரண்டாம் நாள் இரவு உறைத்தது. ஏழு வயது மகளையும் இரண்டு வயது மகனையும் நடுவில் போட்டு, என் பட்டுச்சேலை உட்பட இருந்த துணியையெல்லாம் மேலே குவித்துக்கொண்டு படுத்தும் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயோ பாஸ்டரம்மா, இப்பிடியே இருந்தா புள்ளைங்களுக்கு சளி கட்டிக்கும். நுவரெலியாவுக்குப் போயி பேல் பஜார்ல எடுத்துக்கிட்டு வந்துருங்க" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. என் கணவர் இந்தப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் ஊழியம் செய்ய அனுப்பப்பட்டவர், வீடு தலவாக்கலைக்கு மேலே. இந்த ஆறு வருடத்தில் எத்தனை தடவை அந்தத் தெருவுக்குப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. புதிதாக மலைநாட்டுக்கு வருகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகுட்டியோடு வருகிற ஊழியக் குடும்பங்கள், என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

பேல் என்றால் பொதி. பொதி பொதியாக வந்து இறங்கிய பழைய உடுப்பை விற்ற இடம் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பழசும் உண்டு, ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய புதுசும் உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அடுத்தடுத்துச் சின்னச் சின்னக் கடைகள், கூரையிலிருந்து தரைவரை ஜாக்கெட், குல்லா, கையுறை, கம்பளி. உள்ளே ஒருவர் நின்றால் அடுத்தவர் வெளியே நிற்க வேண்டியதுதான். தமிழ், சிங்களம் இரண்டும் ஓடும், நமக்குத் தமிழே போதும். நான் வழக்கமாகப் போகிற கடைக்காரரை எல்லோரையும் போல நானும் நானா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னை "இந்தியா அக்கா" என்கிறார்.

ஏன் நுவரெலியா வரைக்கும் போக வேண்டும், ஹட்டனில் கிடைக்காதா என்றால் கிடைக்கும். சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறுகிற டிசம்பர் முதல் மே வரையான காலத்தில் அங்கேயும் குல்லாவும் ஜாக்கெட்டும் தொங்கும். ஆனால் பிள்ளைகள் அளவு அதிகம் கிடைப்பது நுவரெலியாவில்தான். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், வருடச் சராசரியே 16 டிகிரிக்குப் பக்கத்தில்தான். ஜனவரி, பிப்ரவரி விடியற்காலையில் சில நாள் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த ஊர்க்காரர்கள் விற்பதை நம்பி வாங்கலாம், அவர்களும் அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, எதை வாங்குவது. நான் முதல் வருடம் செய்த தப்பு, பார்க்கக் கொழுகொழுவென்று பஞ்சு வைத்த ஜாக்கெட்டாக நான்கு எடுத்ததுதான். குளிருக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை வெயில் எட்டிப் பார்க்கிற நாட்களை விரலில் எண்ணிவிடலாம், அந்தப் பஞ்சு ஜாக்கெட்டைத் துவைத்துப் போட்டால் நான்கு நாளானாலும் உள்ளே ஈரம் போகாது, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் விறகுப் புகை வாசம் ஏறிக்கொள்ளும், அலமாரியில் வைத்தால் பூஞ்சணம். மகள் ஒரு ஜூன் மாதம் முழுக்கப் புகைபோட்ட கருவாடு மாதிரி மணத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். இப்போது நான் எடுப்பது பிளீஸ் துணிதான், உள்ளே மெத்தென்று ரோமம் மாதிரி இருக்குமே அது. ராத்திரி துவைத்து நன்றாகப் பிழிந்து போட்டால் மறுநாள் சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம். அதற்குமேல் தண்ணீர் இறங்காத மெல்லிய மழைக்கோட்டு ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்தால் பஞ்சு ஜாக்கெட் தேவையே இல்லை.

ஜிப்பைக் கடையிலேயே பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. தோள் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பழசு என்றால் அக்குளை மோந்தே பாருங்கள். கழுத்து லேபிளைப் பாதி வெட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், ஏற்றுமதியில் கழித்துவிட்டதாக இருக்கலாம். எதற்காகக் கழித்தார்கள் என்று மட்டும் தேடிக் கண்டுபிடியுங்கள். என் நீல ஜாக்கெட்டில் ஒரு பை மட்டும் தலைகீழாகத் தைத்திருந்தது. வைக்கிற சில்லறை எல்லாம் கீழே விழும். ஊசியெடுத்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்தேன், இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன்.

ஏமாந்ததும் உண்டு. ஒரு கடையில், எந்த ஊர் என்றுகூடச் சொல்லப்போவதில்லை, மகனுக்குப் புது மழைக்கோட்டு என்று வாங்கியது முதல் மழையிலேயே சாயம் விட்டு உள்ளே இருந்த வெள்ளைச் சீருடையைப் பச்சையாக்கிவிட்டது. திரும்பக் கொண்டுபோனால், இது எங்கள் கடைச் சாமானே இல்லை என்றார்கள். துண்டுச் சீட்டு எதுவும் வாங்காமல் வந்தது என் தப்பு. அதிலிருந்து ஒரு பழைய வெள்ளைத் துணியைப் பையிலேயே வைத்திருக்கிறேன், நனைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

என் கணவரின் கோட்டுக் கதையைச் சொல்லாவிட்டால் இது முடியாது. இரண்டாம் வருடம் அவருக்கு முழங்கால்வரை வருகிற கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று கிடைத்தது. அசல் கம்பளி, உள்ளே பளபளவென்று துணி, எந்தக் குளிர்நாட்டுக்காரர் போட்டுக் கழித்ததோ தெரியாது. விலையோ நாங்கள் நினைத்ததில் பாதி. போட்டுப் பார்த்தால் மனுஷன் ராஜா மாதிரி இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே போட்டுக்கொண்டு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஜெபத்துக்குப் போனார். போகும்போதே பையன்கள் "துரை வர்றாரு, துரை வர்றாரு" என்று சிரித்தார்கள், தோட்டத்து மேலாளரைத்தான் இங்கே துரை என்பார்கள், அது விளையாட்டு. ஆனால் லயத்து வாசல் படியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, அதற்கு முன் எத்தனையோ தடவை இவரைப் பார்த்து "வாய்யா, உக்காரு" என்று சொன்னவர், தூரத்தில் கோட்டைக் கண்டதும் சட்டென்று எழுந்து தலைத்துணியைச் சரிசெய்து ஓரமாக நின்றுவிட்டார். கிட்டே போனபின்தான் யார் என்று தெரிந்து சிரித்தாராம். கோட்டுப் போட்டு வருகிறவர் முன்னால் எழுந்து நிற்பது அந்த வயதுக்காரர்களுக்கு உடம்பில் இருக்கிற பழக்கம். இவர் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், அப்புறம் தொடவில்லை.

வீணாகவில்லை, இட்லி மாவு பானைக்கு இப்போது அதுதான் போர்வை. இந்தக் குளிரில் மாவை அப்படியே வைத்தால் மறுநாள் காலையிலும் அரைத்துவைத்த மாதிரியே இருக்கும். கோட்டில் சுற்றி அடுப்படி மூலையில் வைத்தால் பதினாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். அந்த வேலைக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். எங்களை அனுப்பிய சபையில் இந்தக் குளிர்க் கதையைக் கேட்டுவிட்டு, பழைய ஸ்வெட்டர்களைச் சேர்த்துப் பெரிய மூட்டையாக அனுப்புகிறோம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், வேண்டாம் என்று நாங்கள் எழுதியதில் சிலருக்கு வருத்தம். ஆனால் இங்கே நிலைமை வேறு. துணியும் பால்மாவும் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு பழையது, 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலமே பாராளுமன்றத்துக்குப் போயிருக்கிறது. தோட்டத்தில் பெரும்பாலானோர் இந்துக்கள், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்களையும் கூப்பிட்டுச் சோறு போடுகிறவர்கள். அவர்கள் முன்னால் மூட்டையை அவிழ்த்து வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தால் அப்புறம் நாங்கள் பேசுகிற எந்த வார்த்தைக்கும் மதிப்பிருக்காது. அதோடு 1854இல் தோட்டத் தமிழர்களுக்கென்று மிஷன் தொடங்கிய காலத்தில் எங்கள் திருநெல்வேலியிலிருந்தே உபதேசியார்கள் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்கள் குளிருக்கு என்னத்தைப் போர்த்திக்கொண்டார்கள் என்றுதான் நான் அடிக்கடி நினைப்பேன், மூட்டை மூட்டையாகவா கொண்டுவந்திருப்பார்கள்.

என் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போனதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பேன், அவர்கள் பிள்ளைக்குச் சின்னதாகிப்போனது எங்களுக்கு வரும். என் மகன் இரண்டு குளிர்காலம் போட்ட சிவப்புக் குல்லா அந்த அக்கா வீட்டிலிருந்து வந்ததுதான். அது அக்கம்பக்கத்துப் பழக்கம், அதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

விலை. 2018இல் மகளுக்கு 1,400 ரூபாய்க்கு எடுத்த மாதிரியே ஒன்று போன டிசம்பரில் மகனுக்கு 3,800. நடுவில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்துபோனதே. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் இல்லாத அந்த மார்ச் கடைசியில் ஹீட்டர், கெட்டில் எல்லாம் பொம்மை, ஆறு மணிக்கே பிள்ளைகள் ஜாக்கெட்டோடு போர்வைக்குள் போய்விடுவார்கள், நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கணக்கு எழுதுவோம். எங்களுக்கு ஆதரவுப் பணம் இந்திய ரூபாயில் வருவதால் மாற்றும்போது கை நிறையத் தாள் வந்தது, கடைக்குப் போனால் அதே வேகத்தில் போனது. தோட்டத்தில் 2021இல்தான் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350. அந்தக் கூலிக்கு ஒரு பிள்ளை ஜாக்கெட் என்பது கிட்டத்தட்ட மூன்று நாள் கொழுந்து பறிக்கிற வேலை. எனவே மிகவும் மலிவு என்று நான் எழுத மாட்டேன். எங்களுக்குக் கட்டுப்படியாகிறது, அவ்வளவுதான்.

பேரம் பேசலாம். மூன்று நான்கு சேர்த்து எடுத்தால் தாராளமாகக் குறைப்பார்கள். ஏப்ரலில் மட்டும் போகாதீர்கள், புத்தாண்டு விடுமுறைக்கு நாடே அங்கே ஏறி வந்திருக்கும், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, நானாவுக்கே என் முகம் தெரியாது. மழை பிடிப்பதற்கு முன், மே முதல் வாரம் நல்லது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய அந்த மாதங்களில் ஒரு தடவை போனேன், தெருவில் சுற்றுலாக்காரர் ஒருவர்கூட இல்லை. நானா ஒரு வார்த்தையும் பேசாமல் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார், நானும் ஒன்றும் பேசாமல் குடித்தேன். அன்றைக்குப் பேரம் பேச மனது வரவில்லை.

வீசா புதுப்பிக்க வருடம்தோறும் கொழும்புக்குப் பக்கத்துப் பத்தரமுல்லையில் இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: மடித்துப் பைக்குள் திணிக்கிற மெல்லிய ஜாக்கெட் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் பஸ் ஏறும்போது பல் கிட்டும், கித்துல்கல வந்ததும் கழற்றத் தோன்றும், அவிசாவளையில் வியர்த்து ஊற்றும். குடும்பமே கையில் பஞ்சு ஜாக்கெட்டைச் சுமந்துகொண்டு கொழும்பு வெயிலில் அலைந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மகள் போன வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ஊருக்குப் போய்விட்டாள், விடுதியில் இருந்து படிக்கிறாள். இங்கேயே படிக்கட்டும் என்று நானும், இந்தியப் பாடத்திட்டம்தான் பின்னால் உதவும் என்று அவரும் ஒரு வருடம் பேசித் தீர்த்த விஷயம், இன்னும் முழுசாகத் தீரவில்லை. பெட்டி கட்டும்போது அந்தப் பச்சை பிளீஸை எடுத்து வைத்தாள். திருநெல்வேலியில் இது எதற்குடி என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடியில் திணித்தாள். பொங்கல் சமயத்தில் விடுதித் தொலைபேசியில் பேசும்போது மெதுவாகச் சொன்னாள், அதைச் சுருட்டித் தலையணைக்குமேல் வைத்துத்தான் படுக்கிறாளாம், துவைக்கவே இல்லையாம், அடுப்புப் புகை வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். நான் உடனே துவைக்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

மகனுக்கு இப்போது ஒன்பது வயது. போன டிசம்பரில் எடுத்ததில் அதற்குள்ளேயே மணிக்கட்டு வெளியே தெரிகிறது. அடுத்த தடவை நுவரெலியா போகும்போது ஒரு அளவு பெரிதாகவே எடுக்கப் போகிறேன், கையை மடித்துவிட்டுக்கொள்ளட்டும். வங்கி அட்டையை எல்லாக் கடையிலும் எடுக்க மாட்டார்கள், காசாகக் கொண்டுபோங்கள். துண்டுச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.