யேல் இயற்பியல் வகுப்புகள்: யாருக்குச் சரிப்படும்?

ஆர். சங்கர் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய ‘இயற்பியலின் அடிப்படைகள்’ வகுப்புகளைச் சில வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். 2006-இல் பதிவானவை. முதல் பருவத்தில் 24 வகுப்புகள், எல்லாம் இலவசம். சங்கர் சென்னை ஐஐடியில் மின்பொறியியல் படித்துவிட்டு இயற்பியலுக்குத் தாவியவர். அவருடைய ஆங்கிலம் நம் காதுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகுப்பு. விசை = நிறை × முடுக்கம் என்று பிளஸ் டூவில் எழுதாத பரீட்சை கிடையாது. சங்கர் அங்கேயே நிறுத்தி, நிறையை எப்படி அளப்பாய் என்று கேட்கிறார். தராசு உதவாது, எடை பூமியின் இழுப்பைப் பொறுத்தது. ஒரு சுருள்வில்லைக் குறிப்பிட்ட தூரம் இழுத்து, ஒரு கிலோ என்று நாம் ஒப்புக்கொண்ட கட்டியை அதில் மாட்டிவிட்டு முடுக்கத்தை அளக்க வேண்டும். பிறகு அதே அளவு இழுத்து, தெரியாத பொருளை மாட்ட வேண்டும். இரண்டு முடுக்கங்களின் விகிதம் நிறையைச் சொல்லிவிடும். சரி, விசை? அதைச் சூத்திரம் தராது. வில்லுக்கு ஒரு விதி, ஈர்ப்புக்கு ஒரு விதி என்று தனித்தனியாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைப் பள்ளியிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

12 முதல் 15 வரையான வகுப்புகளில் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல். இரண்டே எடுகோள்களிலிருந்து லோரன்ஸ் உருமாற்றத்தை, அதாவது ஒருவர் அளந்த இடத்தையும் நேரத்தையும் அவரைப் பொறுத்து நகர்பவரின் அளவுகளாக மாற்றும் சமன்பாடுகளை, சாதாரண இயற்கணிதத்திலேயே வருவித்துவிடுகிறார். அவர் அடுத்த வரியை எழுதும் முன் வீடியோவை நிறுத்தி நாமே எழுதிப் பார்த்தால்தான் ருசி தெரியும். நீர், காற்று போன்றவற்றைப் பற்றிய பாய்மவியல் ஒரே வகுப்பில் முடிந்துவிடுகிறது, எனக்கு அது போதவில்லை.

குறைகளும் உண்டு. செய்முறை விளக்கம் அனேகமாக இல்லை, எல்லாம் கரும்பலகைதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ (PhET) கணினி உருவகப்படுத்தல்களைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்வேன். முதல் நாளே வகைக்கெழு (மாறும் வீதத்தைக் காட்டும் நுண்கணிதம்) வந்துவிடுவதால் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைக் கொடுத்தால் மிரண்டுபோகும். பிளஸ் டூ கணக்கு தெரிந்தவர் தாராளமாக இறங்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் ஐஐடிகளின் இணைய வகுப்புத் தளமான என்பிடெல் (NPTEL) பக்கம் போங்கள்.

யூடியூபில் மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் யேலின் தளத்தில் இருக்கின்றன. பி.எஸ்சி. இயற்பியல் சேரப்போகிறவர் வீடியோவைக் குறைத்துக்கொண்டாலும் அவற்றை விடக்கூடாது. சும்மா தெரிந்துகொள்ள வருபவர் 2010-இல் பதிவான இரண்டாம் பருவத்தில் 19-ஆம் வகுப்பை எட்டிப் பார்க்கலாம், குவாண்டம் அங்கேதான் தொடங்குகிறது.