ஒரு லட்சம் ஸ்ட்ரீம் தருவதாகச் சொல்பவரிடம் பாடலைக் கொடுக்கும் முன்

சென்னையில் தமிழ் வரிகளோடு மெட்டல் வாசிக்கும் நால்வர் குழு எங்களுடையது. ஐந்து பாடல்கள் கொண்ட ஈபி என்ற சிறு ஆல்பம் ஒன்றைச் சொந்தக் காசில் பதிவுசெய்து, அதை வெளியிட்டு விளம்பரப்படுத்தும் பொறுப்பை ஒரு மியூசிக் பிரமோஷன் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். பணம் போனது, பாடல்களும் கையை விட்டுப் போகும் நிலைக்கு வந்தன. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் புகார் இன்னும் விசாரணையில் இருப்பது ஒரு காரணம். இதே தொழிலை இதே முறையில் செய்பவர்கள் பலர் இருப்பதால், ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டு அடுத்தவரிடம் போய் மாட்டிக்கொள்வதைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துவைத்திருப்பது பயன் தரும் என்பது மற்றொரு காரணம்.

முதல் தொடர்பு இன்ஸ்டாகிராம் வழியாக வந்தது. "ப்ரோ, உங்க சவுண்ட் வேற லெவல், ரீச்தான் இல்ல" என்று தொடங்கிய உரையாடல், அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் விலைப்பட்டியலாக மாறியது. பத்தாயிரம் ஸ்ட்ரீமுக்கு (இசைத் தளத்தில் பாடல் ஒரு முறை ஓடினால் ஒரு ஸ்ட்ரீம்) 3,000 ரூபாய், ஒரு லட்சம் ஸ்ட்ரீமுக்கு 22,000 ரூபாய். பெரிய பேக்கேஜ் எடுப்பவர்களுக்கு மாஸ்டரிங் (பாடலின் ஒலியை இறுதியாகச் செப்பனிடுவது), எல்லாத் தளங்களிலும் வெளியீடு, யூடியூப் கன்டென்ட் ஐடி (நம் பாடல் வரும் வீடியோக்களைக் கண்டுபிடித்து உரிமை கோரும் ஏற்பாடு) ஆகிய மூன்றும் இலவசம் என்று அதில் இருந்தது. நாங்கள் தயங்கியபோது அந்த நிறுவனத்து ஆள் எடுத்துவைத்த வாதம் பொய்யானது அல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கடந்த 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாடலுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது என்ற விதியை ஸ்பாட்டிஃபை 2024 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தி வருகிறது. "ஆயிரம் தாண்டலன்னா ஒத்தப் பைசா வராது ப்ரோ, நாங்க தாண்ட வெச்சிடுவோம்" என்றார். ஸ்ட்ரீம் எண்ணிக்கையோடு, குறைந்தபட்சம் இத்தனை தனித்தனி ஆட்கள் கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே விதியில் இருப்பதையும், அந்த எண்ணை ஸ்பாட்டிஃபை வெளியிடாமல் வைத்திருப்பதே இவரைப் போன்றவர்களைத் தடுக்கத்தான் என்பதையும் அவர் சொல்லவில்லை.

பணம் இரண்டு தவணையாக யுபிஐயில் போனது. செவ்வாயன்று கோப்புகளைக் கேட்டு வாங்கி, பாடல்களை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் ஒரு விநியோகத் தளத்தில் இருந்த அவர்களுடைய கணக்கில் புதனன்று ஏற்றி, வெள்ளியன்று வெளியிட்டார்கள். பார்ப்பதற்குச் சுறுசுறுப்பாகத் தெரிந்த இந்த வேகம்தான் எங்களுக்கு நேர்ந்த முதல் நட்டம். வெளியாகாத பாடலை கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்திலிருந்து, பிளேலிஸ்ட்களைத் தொகுக்கும் அதன் ஆசிரியர் குழுவுக்கு எந்தக் கட்டணமும் இல்லாமல் நேரடியாகப் பரிந்துரைக்க முடியும். வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பு அதைச் செய்தால், ஆசிரியர் குழு பாடலை எடுக்காவிட்டாலும் நம்மைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ராடார் என்ற புதுப்பாடல் பட்டியலில் நாம் தேர்ந்தெடுத்த பாடல் போய்ச் சேரும். பாடல் வெளியான பிறகு இந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்காது. பிரமோஷன் என்று பணம் வாங்கியவர், இலவசமாகக் கிடைக்கும் ஒரே நேர்மையான பிரமோஷனை எங்களிடமிருந்து பறித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

இலவச மாஸ்டரிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டரை இறுக்கிப் பிடித்து, இரட்டை பேஸ் டிரம் வரும் இடங்களில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாகக் குழையும் அளவுக்கு ஒலியளவை ஏற்றியிருந்தார்கள். ஸ்பாட்டிஃபை ஒலியளவைப் பொதுவாக மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்தே ஒலிபரப்புகிறது என்பதால், அவ்வளவு ஏற்றிய சத்தமும் கேட்பவரிடம் குறைந்துதான் போய்ச் சேரும். நசுங்கிய டிரம் மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

ஸ்ட்ரீம்கள் சொன்னபடியே வந்தன. இரண்டாம் வாரத்தில், ஈபியின் முதல் பாடல் மட்டும் நாளொன்றுக்குப் பல ஆயிரங்களில் ஓடத் தொடங்கியது. எங்கள் டிரம்மர் கேட்போர் விவரப் பக்கத்தைத் திறந்து கைப்பேசியை நீட்டினார். நகரங்களின் வரிசையில் ஹெல்சிங்கி முதலிடத்திலும் பிராங்க்ஃபர்ட் இரண்டாமிடத்திலும் இருந்தன. சென்னை ஏழாவது இடத்தில் இருந்தது, கோயம்புத்தூரும் மதுரையும் பட்டியலிலேயே இல்லை. பாடலைச் சேமித்து வைத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கை அசையவே இல்லை. ஸ்ட்ரீம்கள் வந்த பிளேலிஸ்ட்களைத் திறந்து பார்த்தால், ஒன்று தூங்குவதற்கான பியானோ இசை, மற்றொன்று உடற்பயிற்சிக்கான எலக்ட்ரானிக் இசை. இரண்டிலும் நடுவே, தொண்டை கிழியக் கத்தும் எங்கள் பாடல். 30 வினாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்காகும் என்பதால், அந்த நேரம் முடிந்ததும் அடுத்த பாடலுக்குத் தாவும்படி அமைக்கப்பட்ட போலிக் கணக்குகள் அவை. கூலிக்கு ஆள் பிடித்து வந்து கல்யாணப் பந்தியில் உட்காரவைத்தது போன்ற கூட்டம். இதனால் வரும் கேடு ஸ்ட்ரீம்கள் நின்ற பிறகும் தொடரும்: ஒரு பாடலைக் கேட்பவர்கள் வேறு எதையெல்லாம் கேட்கிறார்கள் என்பதும் தளத்தின் பரிந்துரைக்கு ஓர் அடிப்படை என்பதால், எங்கள் பக்கத்தில் 'இவரை விரும்புவோர் கேட்கும் பிற கலைஞர்கள்' என்ற இடத்தில் தாலாட்டுப் பியானோக்காரர்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள்.

இது ஒரு குழுவுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. பிரான்சின் தேசிய இசை மையம் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, 2021இல் அந்நாட்டில் ஓடிய ஸ்ட்ரீம்களில் 1 முதல் 3 சதவீதம் வரை போலி என்று கண்டறியப்பட்டதாகச் சொல்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய பாடல்களைப் போலிக் கணக்குகளால் ஓடவிட்டு 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றதாக ஒருவர் மீது வழக்குப் பதிவானது. தளங்கள் இப்போது கடுமையாக இருப்பதற்கு இவையெல்லாம் பின்னணி. போலி ஸ்ட்ரீம் அப்பட்டமாகத் தெரியும் பாடலுக்கு, ஸ்பாட்டிஃபை 2024 முதல் விநியோக நிறுவனத்திடம் அபராதம் வசூலிக்கிறது. விநியோக நிறுவனங்கள் பல அதைக் கணக்கு வைத்திருப்பவரின் தலையில் இறக்குகின்றன. போலிக் கூட்டத்தை விலைக்கு வாங்கியது யார் என்பதை அவர்கள் விசாரிப்பதில்லை, பாடல் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் விஷயத்தில் கணக்கு அந்த நிறுவனத்துடையது. அபராதம் சேர்ந்ததும் விநியோகத் தளம் அந்தக் கணக்கையே முடக்கியது. போலி ஸ்ட்ரீம் ஓடிய ஒரு பாடலோடு, யாரும் தொடாத மற்ற நான்கு பாடல்களும், அதே கணக்கில் இருந்த வேறு பல கலைஞர்களின் பாடல்களும் ஒரே நாளில் எல்லாத் தளங்களிலிருந்தும் மறைந்தன. அவர்களில் கானா பாடும் இளைஞர் ஒருவர் எங்களைத் தேடித் தொடர்புகொண்டார். அவர் எந்த பேக்கேஜும் வாங்காமல், வெளியீட்டுக்கு மட்டும் பணம் கட்டியவர். விநியோகத் தளத்துக்கு நாங்கள் எழுதிய மின்னஞ்சலுக்குக் கிடைத்த பதில் நியாயமானதுதான்: நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் அல்ல, உங்கள் லேபிளிடம் பேசுங்கள். லேபிள் என்று அவர்கள் சொன்ன அந்த பிரமோஷன் நிறுவனம் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தியிருந்தது.

பாடல்கள் மறைந்த பிறகும் அவர்களுடைய கன்டென்ட் ஐடி மட்டும் உயிரோடு இருந்தது. கல்லூரி விழா ஒன்றில் நாங்கள் வாசித்ததை எங்கள் சொந்த யூடியூப் சேனலில் ஏற்றியபோது, முன்பே பதிவுசெய்து வைத்திருந்த கிட்டார் அறிமுகம் ஓடிய பகுதியைச் சுட்டி, அந்த நிறுவனத்தின் பெயரில் உரிமைக்கோரல் வந்தது. எங்கள் சேனல் விளம்பர வருமானத்துக்கான தகுதியை எட்டாத சிறிய சேனல். ஆனாலும் உரிமை கோருபவர் அந்த வீடியோவில் விளம்பரம் ஓடவிட்டு வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ள முடியும். மறுப்பு தெரிவித்தால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு; அதன் கடைசி நாள்வரை காத்திருந்துவிட்டு மறுப்பை நிராகரித்தார்கள். விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில், முன்பணம் செலுத்துவதே ஒலிப்பதிவின் உரிமையை வாழ்நாள் முழுமைக்கும் ஒப்படைத்ததாகக் கருதப்படும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பதைக் காரணமாகக் காட்டினார்கள்.

இங்கே சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை ஒப்படைப்பவரோ அவர் அதிகாரம் அளித்தவரோ கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வமான ஆவணம் இல்லாமல் எந்த ஒப்படைப்பும் செல்லாது. காலம் குறிப்பிடாமல் கையெழுத்திட்டிருந்தாலும் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மேலும், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய சமபங்கு ராயல்டியைப் பெறும் உரிமையை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர், யுபிஐயில் பணம் அனுப்பியது கையெழுத்து ஆகாது என்று ஒரு பக்க நோட்டீஸ் அனுப்பினார். கோரல் ஒரு வாரத்துக்குள் விலக்கிக்கொள்ளப்பட்டது. பணத்தைப் பற்றி மட்டும் பதில் இல்லை.

ஈபியை மறுபடி மிக்ஸ் செய்து, எங்கள் பெயரில் எடுத்த விநியோகக் கணக்கிலிருந்து, புதிய ஒலிப்பதிவுகள் என்பதால் புதிய குறியீடுகளோடு வெளியிட்டோம். அந்த வேலையைச் செய்தபோதுதான், தொழில்முறை வெளியீடு என்று அவர்கள் விற்றதில் பெரும்பகுதி ஒரு பொறுமையான மனிதர் வீட்டில் உட்கார்ந்து செய்துமுடிக்கக் கூடியது என்பது புரிந்தது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து-எண் குறியீடு உண்டு. விநியோகத் தளமே அதை வழங்கும், அல்லது இந்தியாவில் இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பிடம் விண்ணப்பித்துப் பெறலாம். விநியோகத் தளத்தை மாற்றும்போது அதே ஒலிப்பதிவுக்கு அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் எண்ணிக்கை கூடவே வரும் என்பதால், குறியீடுகளை உங்கள் கையில் எழுதி வைத்திருப்பது மாஸ்டர் கோப்பைப் பத்திரப்படுத்துவதற்குச் சமமான வேலை. மாஸ்டர் கோப்பு வேவ் வடிவில், அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சலில், பாடல்வரி ஆசிரியர் முதல் மிக்ஸிங் செய்தவர் வரை எல்லோருடைய பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரு தாளில். இவை தயாரான பிறகே வெளியீட்டுத் தேதியை அறிவித்து, மூன்று நான்கு வாரம் முன்னதாகவே ஏற்றிவிட வேண்டும். பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் தனியாக உறுப்பினராவது நல்லது, ஏனெனில் விநியோகத் தளம் அனுப்பும் பணம் ஒலிப்பதிவுக்கானது மட்டுமே. கன்டென்ட் ஐடி வேண்டுமென்றால் உங்கள் கணக்கு வழியாகவே போடுங்கள். இணையத்தில் வாங்கிய, பிறரும் பயன்படுத்தும் டிரம் லூப்களை வைத்துச் செய்த பாடலுக்குப் போடாதீர்கள், அது அதே லூப்பைப் பயன்படுத்திய இன்னொரு குழுவின் கழுத்தைப் பிடிக்கும்.

விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. யூடியூப் வீடியோவுக்கு உங்கள் சொந்த கூகுள் கணக்கிலிருந்து, நீங்களே ஊரும் வயதும் தேர்ந்தெடுத்து விளம்பரம் ஓட்டலாம். அப்படி வரும் பார்வைகள், விளம்பர வருமானம் பெறச் சேனலுக்குத் தேவைப்படும் 4,000 மணி நேரக் கணக்கில் சேராது என்பதையும், 2019 செப்டம்பரிலிருந்து யூடியூப் தன் இசைத் தரவரிசைகளில் விளம்பரப் பார்வைகளைக் கணக்கிடுவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். பாட்டைக் கேட்டுக் கருத்துச் சொல்வதற்குக் கட்டணம் வாங்கும் தளங்களும் உண்டு. கேட்பதற்குப் பணம் வாங்குவதும் பட்டியலில் சேர்ப்பதற்குப் பணம் வாங்குவதும் வெவ்வேறு, இரண்டாவதை ஸ்பாட்டிஃபை வெளிப்படையாகவே தடைசெய்திருக்கிறது. மெட்டல் போன்ற சிறிய வட்டத்துக்கு எங்கள் அனுபவத்தில், ரசிகர்கள் பாடலை விலை கொடுத்து வாங்கும் பேண்ட்கேம்ப் தளம் நன்றாக இருந்தது: டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் டிஷர்ட், கேசட் போன்றவற்றில் 10 சதவீதமும் எடுத்துக்கொண்டு, பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதியை நமக்குத் தருகிறது. அந்தப் பணம் நமக்கு வருவது பேபால் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக; அது 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டதால் உள்ளூர் ரசிகரிடம் விற்பதில் சிக்கல் உண்டு. அவர்களுக்கு நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் மேசை போட்டு விற்றுக்கொள்கிறோம். இந்த வெளியீட்டில் ஸ்ட்ரீம்கள் நூற்றுக்கணக்கில்தான் வருகின்றன. நகரப் பட்டியலில் சென்னை முதலிடத்தில் இருக்கிறது.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது பாடலைக் கொடுத்திருப்பவர்கள், அந்தக் கணக்கு முடங்குவதற்கு முன்பே, ஒலிப்பதிவு நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஐஎஃப்பிஐ நடத்தும் இலவச ஐஎஸ்ஆர்சி தேடல் பக்கத்தில் பாடலின் பெயரைத் தட்டி, குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். போலி ஸ்ட்ரீம்கள் கண்ணில் பட்டால் ஸ்பாட்டிஃபைக்கும் விநியோகத் தளத்துக்கும் நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அனுப்பிய செய்திகளைப் பிறகு அழித்துவிடுவார்கள், எங்களுக்கு அனுப்பியவற்றில் பாதி இப்போது இல்லை. பண மோசடிக்கு 1930 என்ற எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் உடனே புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. வணிக நோக்கில் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும், நீங்கள் சுயதொழிலால் பிழைப்பவர் என்றால் அதை உங்கள் மனுவில் முதலிலேயே குறிப்பிடுங்கள். எங்கள் மனுவில் அதைச் சேர்த்திருக்கிறோம். சென்ற வாரம் அந்தக் கானா இளைஞருக்கு வேறொரு லேபிள் பெயரில், வேறொரு எண்ணிலிருந்து ஒரு பிடிஎஃப் வந்தது. ஒரு லட்சம் ஸ்ட்ரீம் 22,000 ரூபாய் என்பதும், கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து வரியும் அதில் அப்படியே இருக்கின்றன.